ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

1. முதல் நாள்

"அதிலை இரும். கதைக்க வேண்டாம். என்னைப் பாரும்."

பிரென்னன் முதல் நாள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். 2009ஆம் ஆண்டு. அமெரிக்க வக்கீலான அவர் சூரிச்சில் தன் கந்தோரைத் திறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. பெட்டி தூக்க, கார் ஓட்ட, மெஷினில் தாள் கொப்பி அடிக்க என்று என்னை எடுத்திருந்தார். அதற்கு முன் பதினேழு வருடம் நான் உணவகங்களில் கோப்பை கழுவினேன். படிப்பு எட்டாம் வகுப்பு.

நான் இருந்தேன். அவர் எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினார். ஒரு ஆள் தண்டவாளத்தைக் கடக்கிறான், ரயில் அடிக்கிறது. பேசி முடித்ததும் கேட்டார்.

"ஆரிலை பிழை? அந்த ஆளிலையோ, ரயில் கொம்பனியிலையோ?"

"ஆளிலை."

அவர் தலையைச் சொறிந்தார். முதலில் இருந்து மறுபடி சொன்னார். நான் மறுபடி ஆளில் பிழை என்றேன். மூன்றாம் முறையும் அப்படியே. நாலாம் முறை கொம்பனியில் பிழை என்றேன். நம்பிச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது.

அவருக்குப் பெரிய சந்தோசம். "ஜூரியும் உப்பிடித்தான்" என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷ், இடையிடையே உடைந்த ஜெர்மன். எனக்கு இரண்டும் அரைகுறை. அவர் சொன்னதை எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன்.

ஜூரி என்றால், அமெரிக்காவில் தெருவில் போகிற பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு இருத்தி, வழக்கைக் கேட்கச் சொல்லித் தீர்ப்பும் சொல்ல வைப்பது. பிரென்னன் ஒஹையோவில் முப்பது வருடம் அவர்களுக்கு முன்னால் நின்றவர். தகப்பன் டயர்க்கடை வைத்திருந்தவர். இவர் பகலில் டயர் கழற்றிப் பின்னேரம் சட்டம் படித்தார். மனைவி சுவிஸ்காரி. மாமியாருக்குச் சுகமில்லாமல் போக இங்கே வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே அவருக்குக் கோர்ட்டில் நிற்க அனுமதியில்லை, ஜூரியும் இல்லை. நீச்சல்காரனை மலையில் கொண்டுபோய் விட்ட மாதிரி.

அதனால் அமெரிக்காவில் நடக்கும் வழக்குகளில், சுவிஸில் செய்யவேண்டிய வேலை இருந்தால் அதை எடுத்தார். பேச ஆள் இல்லாத நாட்களில் என்னைக் கதிரையில் இருத்தினார். பத்து வருடம் நான் பன்னிரண்டு பேராக இருந்தேன். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை.

2. ஓட்டை

இந்த வேலையில் என்ன கஷ்டம் என்று கந்தோருக்குப் புதிதாய் வந்த இளைய ஆட்கள் கேட்கிறார்கள். ஓட்டைதான் கஷ்டம்.

அமெரிக்க ஃபைலுக்குத் தாளில் மூன்று ஓட்டை. இங்கத்தைய ஃபைலுக்கு இரண்டு. அவர்களுடைய தாள் கட்டை, அகலம். எங்களுடையது நீளம், ஒடுக்கம். ஒரு வழக்குக்கு நாற்பது ஃபைல் என்றால் நாற்பதையும் இரண்டு விதமாய்ச் செய்யவேண்டும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் இலக்கம் போட்ட மட்டை. மட்டை ஒன்று மாறினால் பிரென்னன் முகம் சிவக்கும்.

ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன். "ஐயா, எல்லாம் கொம்பியூட்டரிலை கிடக்குத்தானே?"

"கொம்பியூட்டரைத் தூக்கி ஜூரிக்கு முன்னாலை மேசையிலை போடேலாது, ராஜ். சத்தம் வராது."

என் பெயர் இராசதுரை. பத்து வருடமும் ராஜ்.

3. லாங்கன்தாலில் ஒரு கையெழுத்து

இனிச் சொல்லப்போவது ஒரு வழக்கு. அதில் வருகிற பொடியனின் பெயரை மாற்றியிருக்கிறேன். சிவநேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் இப்போது சுவிஸ் பிரஜை. எழுதச் சொல்லி அவனே சொன்னான்.

ஒஹையோவில் ஒரு பேக்கரி. பிசைந்த மாவை வெட்டுகிற மெஷினில் ஒரு பெண்ணின் வலது கை அகப்பட்டது. மூன்று விரல் போய்விட்டது. கத்திக்கு மேல் இருக்கவேண்டிய பாதுகாப்பு மூடி அதில் இருக்கவில்லை. மெஷின் செய்தது லாங்கன்தால் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. மூடியோடுதான் அனுப்பினோம், பேக்கரிக்காரர் கழற்றிவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். பெண்ணுக்காக வழக்குப் போட்டவர் பிரென்னன்.

மெஷினைப் பெட்டியில் கட்டி அனுப்பியதற்கு எழுதிய தாளின் கொப்பி ஒன்று வந்தது. அடியில் நீளமாய் ஒரு கையெழுத்து. பிரென்னன் அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உது உங்கடை ஆக்களின்ரை பேரோ?"

"ஓம்."

"ஆளைத் தெரியுமோ?"

"பேரைத்தான் தெரியுது."

"பின்னேரம் போய் ஒரு கோப்பி குடிச்சுக் கதைப்பம்."

அந்தக் கந்தோரில் ஃப்ராவ் எக்லி என்று ஒரு சுவிஸ் சட்டத்தரணி இருந்தார். சத்தம் போடாத மனுசி. கதவடியில் நின்று சொன்னார். "கோப்பி குடிச்சால் ஜெயில்."

வெளிநாட்டுக் கோர்ட்டுக்காக இந்த மண்ணில் அனுமதியில்லாமல் சாட்சி எடுப்பது குற்றம். தலைநகர் பெர்னில் அனுமதி எடுக்கவேண்டும். அந்த ஆளும் தன் விருப்பத்தோடு வரவேண்டும். பிரென்னனுக்கு இதை அவர் விளங்கப்படுத்தியது அன்றைக்கு எட்டாவது தடவை என்று நினைக்கிறேன்.

ஃப்ராவ் எக்லி கடிதம் எழுதினார். விருப்பமென்றால் வரலாம், இல்லாவிட்டால் விடலாம். இரண்டு கிழமையில் சிவநேசன் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு கந்தோருக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலையை விட்டு, சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தான். படியில் என்னைக் கண்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம். சாட்சி சொல்ல விருப்பமில்லாட்டில் வேண்டாம் எண்டு சொல்லலாம், தம்பி."

"பெட்டியை அடிச்சது நான்தான் அண்ணை. மூடி இல்லாமல் அடிச்சனான். அந்த மனுசிக்குக் கை போச்சுதாம்." சட்டைப் பையில் இருந்து தன் கார்டை எடுத்தான். "இதாலை என்ரை கார்ட்டுக்கு ஒண்டும் வராதோ?"

அவன் கையில் இருந்தது எஃப் கார்ட். அகதி என்று ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, தற்காலிகமாய் இரு என்று கொடுக்கிற கார்ட். அதை வதிவிட அனுமதியான பி கார்ட் ஆக்கக் கேட்டு மனுக் கொடுத்திருந்தான். பி வந்தால் மனைவியைக் கூப்பிடலாம். மனைவி வவுனியாவில். ஏழு வருடம் காணவில்லை. மனு உள்ளே கிடக்கும்போது பொய்ச் சாட்சி, பொலிஸ் என்று பெயர் அடிபட்டால் மனுவும் போகும், மனைவி வருவதும் போகும்.

"உண்மையைச் சொன்னால் ஒண்டும் வராது" என்றேன். அது சரியாகத்தான் சொன்னேன். அதோடு நின்றிருக்கவேண்டும்.

4. ஏழு மாதம்

பெர்ன் அனுமதிக்கு ஏழு மாதம். முதல் தரம் தாள்களைக் கொண்டுபோனேன், ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று திருப்பினார்கள். இரண்டாம் தரம் ஒரு பக்கம் குறைகிறது என்றார்கள். அந்தப் பக்கம் வெறும் தாள். வெறும் தாளையும் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொல்வார்களோ என்று பயந்தேன்.

பிரென்னன் பொறுக்கவில்லை. "லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போவம். அங்கை உந்தப் பிரச்சினை இல்லை."

"ஐயா, அவனுக்கு எஃப் கார்ட். கான்ஸ்டான்ஸுக்குச் சாமான் வாங்கவே போகேலாது."

"ஜேர்மனிதானே? ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலமோ ஒரு அடியோ, எல்லை எல்லைதான்."

"உதென்ன நாடு" என்றார். நான் இருபத்தைந்து வருடமாய்க் கேட்கிற கேள்வி.

அனுமதி வந்தது. அதில் ஒரே ஒரு சாட்சியின் பெயர். அந்த ஆளை மட்டும்தான் கேட்கலாம். வேறு யாரிடமும் வாய் திறக்கக்கூடாது.

சாட்சி எடுப்பதற்கு முதல் நாள் பின்னேரம் சிவநேசனை வரவழைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து விதிகளைச் சொன்னார்கள். பிரென்னன் ஒன்றையே மூன்று விதமாய்ச் சொன்னார். ஞாபகம் இருந்தால் சொல்லும். ஞாபகம் இல்லாவிட்டால் ஞாபகம் இல்லை என்று சொல்லும். ஊகிக்க வேண்டாம். சிவநேசன் தலையாட்டினான்.

5. காரில் நான் சொன்னது

மறுநாள் காலையில் லாங்கன்தாலில் அவன் வீட்டு வாசலில் அவனை ஏற்றினேன். ஃப்ராவ் எக்லி என்னிடம் தெளிவாய்ச் சொல்லியிருந்தார். வழக்கைப் பற்றி ஒரு வசனமும் கதைக்கக்கூடாது.

அவன் வெள்ளைச் சேர்ட்டும் இரவல் கோட்டும் போட்டிருந்தான். ஓல்டன் ஊரைத் தாண்டியதும் கதைக்கத் தொடங்கினான்.

"அண்ணை, எப்ப நடந்தது எண்டு கேட்பினம். எனக்குத் திகதி தெரியாது."

"தெரியாது எண்டு சொல்லு. அவர் சொன்னவர்தானே."

"தெரியாது எண்டால் நம்புவாங்களோ?"

இந்தக் கேள்விக்கு நான் வாயை மூடியிருக்கவேண்டும். என்னால் முடியவில்லை. இங்கே அகதி மனுவுக்கு நடந்த என் முதல் விசாரணை ஞாபகம் வந்தது. ஊரில் இலங்கை ஆமி என்னைப் பிடித்துக்கொண்டுபோனது எந்த மாதம், எந்தத் திகதி, எத்தனை மணி என்று கேட்டார்கள். கண்ணைக் கட்டிக் கொண்டுபோனவனுக்கு மணி என்ன தெரியும். தெரியாது என்று சொன்ன ஆட்களுக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. அகதி முகாமில் ஒருவர் வழி சொல்லித் தந்தார். மறக்காத ஒரு திகதியைப் பிடி. இரண்டாம் விசாரணையிலும் அதையே சொல்லு. நான் அக்காவின் கலியாண நாளைச் சொன்னேன். நடந்தது நடந்ததுதான். திகதிதான் இரவல்.

எங்கள் காலத்து ஆட்கள் கனபேர் இப்படித்தான் சொன்னார்கள். சிவநேசன் காலத்திலும் சொன்னார்கள். அவனும் சொன்னவன்தான்.

அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். "மறக்காத திகதி ஒண்டைப் பிடி. தடுமாறாமல் சொல்லு."

அவன் "ஓம் அண்ணை" என்றான். முகத்தில் பயம் குறைந்தது. நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

6. கமரா

கந்தோரின் கூட்ட அறையில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் பிரென்னன், ஃப்ராவ் எக்லி. அந்தப் பக்கம் தொழிற்சாலைக்காரரின் அமெரிக்க லோயர், மெல்லிய, மரியாதையான மனிதர். மேசையின் தலைப்பக்கத்தில் சிவநேசன். அவனுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், சென்னைப் பெண். டைப் அடிக்க ஒருவர், கமராவுக்கு ஒருவர். இந்தப் படத்தைத்தான் ஒஹையோவில் ஜூரிக்குப் போட்டுக்காட்டுவார்கள். நான் சுவரோரம், ஃபைல் எடுத்துக் கொடுக்க.

பிரென்னன் முதலில் கேட்டார். சிவநேசன் நன்றாய்ச் சொன்னான். மூடி வரவில்லை. மேலாளர் வந்தார். மூடி அடுத்த கிழமை தனியாய்ப் போகும், நீ பெட்டியை அடி என்றார். அடித்தேன். மூடி பிறகு போகவே இல்லை, அலுமாரியில் கிடந்தது.

"அவர் அப்படிச் சொன்னது எப்ப எண்டு உமக்கு ஞாபகம் இருக்கோ?"

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "அவர் எப்போ அப்படிச் சொன்னார்னு ஞாபகம் இருக்குங்களா?"

"மார்ச் பதினாறு. காலமை பத்தேகால்."

பிரென்னனின் பேனை நின்றது. அவர் எனக்கு முதுகு காட்டித்தான் இருந்தார். ஆனாலும் கழுத்து சிவந்தது தெரிந்தது. அந்தப் பக்க லோயர் குனிந்து ஒரு வரி எழுதினார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அந்த லோயருடைய முறை வந்தது.

"மார்ச் பதினாறு. நிச்சயமோ?"

"ஓம்."

"பத்தேகால். அதுவும் நிச்சயமோ?"

"ஓம்."

"சத்தியம் செய்துதானே சொல்லுறீர்?"

"ஓம்."

அவர் ஒரு கலண்டர் தாளை மெல்லத் தள்ளினார். "பெட்டி கட்டின வருசம் மார்ச் பதினாறு என்ன கிழமை எண்டு வாசியும்."

சிவநேசன் பார்த்தான். கட்டத்தில் விரல் வைத்தான். "ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயிறிலை தொழிற்சாலை திறக்கிறதோ?"

"இல்லை."

"அப்ப மேலாளர் ஆரோடை கதைச்சவர்?"

கமரா ஓடிக்கொண்டிருந்தது. சிவநேசன் மேசைக்கு அடியில் ஒரு கையால் மற்றக் கையைப் பிசைந்தான். அந்த லோயர் அவசரப்படவில்லை. ஒரு நிமிடம் அவனை அப்படியே விட்டார். பிறகு "இப்போதைக்கு இவ்வளவுதான்" என்றார்.

பதினைந்து நிமிட இடைவேளை.

7. மூன்று கேள்வி

இடைவேளையில் சாட்சியோடு கதைக்கக்கூடாது. நான் பிரென்னனைக் கொப்பி மெஷின் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"ஐயா, அது என்ரை பிழை."

"என்னது?"

"திகதி. காரிலை நான்தான் சொன்னனான், மறக்காத திகதி ஒண்டைச் சொல்லு எண்டு."

அவர் என்னைப் பார்த்தார். "நீர் என்ரை சாட்சிக்குச் சொல்லிக் குடுத்தனீரோ?"

"ஓம்."

"என்ன விசர் இது? ஏன்?"

சொன்னேன். விசாரணை, முகாம், நிராகரிப்புக் கடிதம், அக்காவின் கலியாணம், எல்லாம். என் வாழ்நாளில் அவரிடம் ஒரேயடியாய் அவ்வளவு கதைத்தது அன்றுதான். அவர் கொப்பி மெஷினில் சாய்ந்து நின்று கேட்டார். பிறகு மெல்ல ஒரு கேள்வி.

"அவனும் தன்ரை விசாரணையிலை அப்பிடிச் சொன்னவனோ?"

நான் கதவின் கைபிடியைப் பார்த்தேன். அது அவருக்குப் போதும்.

"அவனட்டை ஏன் எண்டு கேட்டால் இதைத்தான் சொல்லுவான்" என்றார். "பன்னிரண்டு பேருக்கும் விளங்கும். ஒரு பிள்ளைக்கும் விளங்கும்." பிறகு, "பெர்னிலை கார்ட் குடுக்கிறவைக்கும் விளங்கும்."

"ஓம்."

"அதோடை அவன்ரை கார்ட்?"

"போச்சு."

அவர் மெஷினில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அது இரண்டு வெறும் தாளைத் துப்பியது. வெளியே போனார்.

கமரா மறுபடி ஓடியது. பிரென்னன் எழும்பவில்லை. இருந்தபடியே கேட்டார்.

"மார்ச் பதினாறு எண்டது உமக்கு உண்மையாய் ஞாபகம் இருக்கிற திகதியோ?"

"இல்லை ஐயா."

"திகதி ஒண்டைச் சொல்லச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?"

சிவநேசன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"ராசதுரை அண்ணை. கார் ஓடுறவர். அந்தா நிக்கிறார்."

கமராக்காரன் என் பக்கம் திருப்பினான். யாரும் சொல்லவில்லை, தானாய்த் திருப்பினான்.

"திகதியை விடும். உம்முடைய கண்ணாலை கண்டு, இப்ப ஞாபகம் இருக்கிறதை மட்டும் சொல்லும்."

"மூடி இல்லாதபடியால் கத்தி வெளியிலை தெரிஞ்சது ஐயா. பெட்டி திறக்கிற ஆளின்ரை கையை வெட்டிப்போடும் எண்டு பயந்தனான். காட்போர்ட்டை மடிச்சுக் கத்தியைச் சுத்தி நாடா ஒட்டினனான். மூண்டு சுத்து. மேலாளர் நாடாவை வீணாக்காதை எண்டு பேசினவர்."

டைப் அடிக்கிறவர் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார். பிரென்னன் "முடிஞ்சுது" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. மேசையில் இருந்த அவர் கை மட்டும் மூடித் திறந்தது.

அந்தப் பக்க லோயர் விடுவாரா.

"இந்த ராசதுரை என்னத்துக்கு உமக்கு அப்பிடிச் சொன்னவர்?"

சிவநேசன் தண்ணீர் குடித்தான். கிளாஸை வைத்தான்.

"அது அவரைத்தான் கேட்கவேணும்."

லோயர் என் பக்கம் திரும்பினார். வாய் திறந்தார். ஃப்ராவ் எக்லி அனுமதிக் கடிதத்தை அவர் முன்னால் வைத்து, ஒற்றைப் பெயரில் விரலை வைத்தார். லோயர் வாயை மூடிக்கொண்டார்.

இந்த நாட்டுச் சட்டத்தைப் பத்து வருடத்தில் ஒரே ஒரு நாள் நான் விரும்பினேன்.

8. பிறகு

திரும்பிப் போகும்போது அவனை நான் ஏற்றவில்லை. ரயிலில் போனான். ஸ்டேஷன்வரை நடந்துபோய் விட்டேன்.

"ஏன்டா பதினாறைச் சொன்னனீ?"

"மனிசியின்ரை பிறந்தநாள் அண்ணை. நீங்கள்தானே மறக்காத திகதி எண்டனீங்கள்."

அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.

பிரென்னன் என்னை வேலையில் இருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த நாள் அவர் சொன்னார். "உம்மை நிப்பாட்டத்தான் வேணும். ஆனா எந்த ஃபைல் எங்கை கிடக்குதெண்டு உமக்குத்தான் தெரியும்." ஒரு மாதம் என்னைக் கதிரையில் இருத்திப் பேசவில்லை. அது தண்டனை என்று நினைத்தார் போல.

வழக்கு ஜூரிவரை போகவில்லை. காட்போர்ட் கதையை அவன் சொன்ன விதத்தில் பொய்யில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதே படத்தில் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது, சொல்லிக் கொடுத்த சாரதியும் இருந்தார். இரண்டு பக்கமும் பேசி முடித்தார்கள். பிரென்னன் எதிர்பார்த்ததில் பாதியும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பிரென்னன் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"முப்பது வருசத்திலை 'ஏன்' எண்ட ஒரு கேள்வியையும் நான் கேட்காமல் விட்டதில்லை."

ஒன்றரை வருடத்தில் சிவநேசனுக்குப் பி கார்ட் வந்தது. மனைவி வந்து சேர்ந்தாள். லாங்கன்தாலில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனேன், சாப்பிட்டேன், வந்தேன். மனைவிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். எனக்கு இரண்டு முறை மீன் போட்டாள். நான் அவர்களுக்கு ஏதோ உதவி செய்தவன் என்று நினைக்கிறாள். திருத்தவில்லை.

வழக்கு முடித்ததற்கு ஒஹையோப் பெண் ஒப்பமிட்ட தாள் கந்தோருக்கு வந்தது. இடது கையால் வைத்த கையெழுத்து. முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரிக் கோணல். அதை மூன்று கொப்பி அடித்தது நான்தான்.

முடிவில் இளைய ஆட்களுக்கு ஒரு பாடம் எழுதும்படி கந்தோர்க்காரர் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு உதவின வழி மற்றவனுக்கும் உதவும் என்று நினைக்காதீர்கள். சாட்சியை ஏற்றிக்கொண்டு போனால் ரேடியோவைப் போட்டுவிட்டு ரோட்டைப் பாருங்கள்.